பல் இல்லாத வாய்தானே என்று விட்டுவிடாதீர்கள்

பக்கவாதம் வந்து மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய தாத்தாவுக்கு நம் வீடுகளில் முதலில் கரைத்துக் கொடுப்பது ரசம் சாதம்தான். பல் இல்லாதவர், மெல்ல முடியாது, நீர்க்க இருந்தால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும் என்று ஒரு கணக்கு. அன்போடு செய்வதுதான். ஆனால் விழுங்கச் சிரமப்படுபவருக்குக் கொடுக்கக்கூடிய சாப்பாட்டில் ஆபத்தானவற்றுள் அதுவும் ஒன்று.

பல் எல்லாம் விழுந்த பிறகும் முறுக்கை ஊறவைத்து, கறியைப் பிய்த்துப் போட்டு, ஈறாலேயே நசுக்கிச் சாப்பிட்ட பாட்டிகளை நாம் பார்த்திருக்கிறோம். அந்த வாயில் பல்லின் வேலையை எடுத்துச் செய்தவை நாக்கும் கன்னமும். நாக்கு உணவைப் புரட்டி, அண்ணத்தில் வைத்து அழுத்தி, உருண்டையாக்கித் தொண்டைக்குத் தள்ளும். அது இடுக்கில் சரியாமல் கன்னம் தாங்கிப் பிடிக்கும். இரண்டையும் நடத்துவது மூளை. பக்கவாதமோ பார்கின்சன் நோயோ மறதி நோயோ வந்தால் அடிபடுவது இந்த ஏற்பாடுதான். வீட்டில் இருப்பவர்களோ "பல் இல்லை, அதனால்தான் சாப்பிட முடியவில்லை" என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மற்ற தவறுகள் பெரும்பாலும் இந்த நினைப்பிலிருந்துதான் கிளைக்கின்றன.

ரசம் சாதத்தில் நீர் வேறு, பருக்கை வேறு. நாக்கு பருக்கையைத் திரட்டிக்கொண்டிருக்கும்போதே ரசம் முந்திக்கொண்டு தொண்டைக்கு ஓடிவிடும். விழுங்குவது தாமதமாகத் தொடங்குபவருக்கு அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம். பாலில் ஊறிய பிஸ்கட்டும் சாம்பாரில் மிதக்கும் இட்லியும் இதே ரகம்தான். அதற்குப் பதில் குழைய வடித்த சாதத்தைப் பருக்கை தெரியாமல் மசித்து, கெட்டித் தயிரில் பிசைந்து பாருங்கள். கரண்டியைச் சாய்த்தால் அது மொத்தமாக வழுக்கி விழ வேண்டும். நீர் பிரிந்து ஓடினால் சரியில்லை, பசை போல ஒட்டிக்கொண்டாலும் சரியில்லை. எவ்வளவு கெட்டி என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதைச் சோதித்துச் சொல்ல வேண்டியவர் ஸ்பீச் தெரபிஸ்ட். பேச்சுக்குத்தானே அவர் என்று பல குடும்பங்கள் போவதே இல்லை. விழுங்குவதும் அவருடைய துறைதான்.

"புரை ஏறவில்லையே, நன்றாகத்தானே சாப்பிடுகிறார்" என்பது அடுத்த ஏமாற்றம். தொண்டையில் உணர்வு மங்கியவருக்கு உணவு நுரையீரலுக்குப் போனாலும் இருமல் வராது. சாப்பிட்டதும் குரல் களகளவென்று ஈரமாகக் கேட்கிறதா, காரணம் தெரியாமல் அடிக்கடி காய்ச்சல் வருகிறதா, எடை குறைகிறதா என்று பாருங்கள்.

படுக்கையில் சாய்த்து வைத்துப் பாலாடையில் ஊற்றுவதை எப்படியாவது நிறுத்திவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழாயின் வழி திறந்துகொடுக்கும்; ஊற்றுவது அவர் தயாராகும் முன்பே இறங்கிவிடும். நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாய் சற்றே தாழ்ந்திருக்க, நீங்களும் அவர் கண் மட்டத்தில் உட்கார்ந்து ஊட்டுங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்துதான் பார்ப்பார். ஒரு வாய் விழுங்கி முடித்த பிறகே அடுத்த வாய். சாப்பிட்டதும் அரை மணி நேரமாவது படுக்க விடாதீர்கள்.

என் பெரியப்பாவுக்கு இடப்பக்கம் விழுந்த பிறகு, காலையில் கொடுத்த மாத்திரையை மதியம் அவர் இடக் கன்னத்துக்குள்ளிருந்து எடுத்தோம். ஒட்டிக்கிடந்த இடம் வெந்து புண்ணாகியிருந்தது. அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. வாதம் தாக்கிய பக்கத்தில் சோறும் இப்படித்தான் ஒதுங்கும். ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டு முடித்ததும் டார்ச் அடித்து உள்ளே பார்ப்பது அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பழக்கமாயிற்று.

பல்லே இல்லாத வாயை எதற்குத் துலக்குவது என்று பலர் கேட்கிறார்கள். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடத்திய ஆய்வில், வாய் சுத்தம் செய்யப்பட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா எனும் நுரையீரல் தொற்று வந்தது. செய்யப்படாதவர்களில் 19 சதவீதம். பல் இல்லாதவர்களுக்கும் அந்தப் பலன் கிடைத்தது. மூக்குக் குழாயில் உணவு போகிறவருக்கும் இது பொருந்தும். வாய்க்கு வேலை இல்லாவிட்டாலும் எச்சிலும் கிருமிகளும் அங்கேதானே இருக்கின்றன, அவையும் தவறான வழியில் நுரையீரலுக்கு இறங்கலாம். சுத்தமான துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து விரலில் சுற்றி, ஈறு, நாக்கு, அண்ணம், கன்னத்தின் உட்புறம் எல்லாம் காலையும் இரவும் துடையுங்கள். வாயைச் சட்டென்று மூடிக் கடித்துவிடுபவருக்கு விரலுக்குப் பதில் மென்மையான பிரஷ். சரியாகத் துப்பத் தெரியாதவரைக் கொப்பளிக்கச் சொல்ல வேண்டாம். அந்தத் தண்ணீரும் தவறான வழியில் போகும்.

இனி பல்செட். "நல்ல செட்டாகக் கட்டிவிட்டால் சரியாகிவிடும்" என்று பிள்ளைகள் ஆசையோடு செலவு செய்கிறார்கள். மேல் செட் நிற்பது அண்ணத்துக்கும் அதற்கும் இடையில் உள்ள மெல்லிய எச்சில் படலத்தால். கீழ் செட்டை நாக்கும் கன்னமும் உதடும் இரு பக்கமும் சமமாக அணைத்தால்தான் அது நிற்கும். ஒரு பக்கம் தளர்ந்த வாயில் அது கிளம்பி ஆடும். மருந்துகளால் வாய் உலர்ந்தவருக்கு மேல் செட்டும் பிடிக்காது. மறதி நோய் முற்றியவருக்குப் புதிய செட் அந்நியப் பொருள். துப்பிவிடுவார், டிஷ்யூவில் சுற்றித் தூக்கியும் போட்டுவிடுவார். பழைய செட் இருந்தால் அதையே சரிசெய்யவோ, அதே வடிவில் நகல் எடுக்கவோ முடியுமா என்று பல் மருத்துவரிடம் கேளுங்கள். நோயின் ஆரம்பத்திலேயே கேட்பது நல்லது. பார்கின்சன் உள்ளவரை மாத்திரை வேலை செய்யும் நேரமாகப் பார்த்து அழைத்துப் போங்கள். சாப்பாட்டு நேரத்தையும் முடிந்தவரை அப்படியே அமைக்கலாம். மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

செட்டைப் போட்டுக்கொண்டே தூங்க விடுவதும் கூடாது. 85 வயது தாண்டிய ஜப்பானிய முதியவர்களைக் கவனித்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், அப்படித் தூங்கியவர்களுக்கு நிமோனியா ஆபத்து இரண்டு மடங்கு இருந்தது. இரவில் கழற்றி, சோப்பும் பிரஷும் போட்டுத் தேய்த்து, சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள். கொதிநீர் அதன் வடிவத்தைக் கெடுத்துவிடும், பற்பசை கீறிவிடும்.

பார்கின்சன் உள்ளவருக்கு எச்சில் ஒழுகுவதைப் பார்த்து, அதிகம் சுரக்கிறது என்று தண்ணீரைக் குறைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர் விழுங்குவதுதான் குறைந்திருக்கிறது, சுரப்பது கூடவில்லை.

அப்புறம் வெற்றிலை. உரலில் இடித்துக் கன்னத்தில் ஒதுக்கிப் பழகிய கை, நோய்க்குப் பிறகும் கேட்கும். புகையிலையும் பாக்கும் புற்றுநோய் தருபவை. உணர்வு குறைந்த கன்னத்தில் அவை எவ்வளவு நேரம் கிடந்தாலும் தெரியாது. அந்த டார்ச் வெளிச்சத்தில் வெள்ளைத் திட்டோ சிவந்த திட்டோ, இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ கண்டால், வலிக்கிறதா என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருக்காமல் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.