காட்டுப்பன்றிப் பேச்சு எழும்போது: ஊருக்குப் போகும் நகரவாசிக்கு ஒரு வழிகாட்டி

கோயம்புத்தூரிலோ சென்னையிலோ வேலை பார்த்துக்கொண்டு, பொங்கலுக்கும் நோன்பிக்கும் மட்டும் மலையடிவாரக் கிராமத்துக்குப் போகிறவர்களுக்கு, திண்ணையில் காட்டுப்பன்றிப் பேச்சு எழுந்தால் சங்கடமாகிவிடுகிறது. சுட்டால்தான் தீரும் என்கிறார் பெரியப்பா; வாயில்லா ஜீவனைக் கொல்வதா என்று தயங்குகிறது நகரத்தில் பழகிய மனம். அந்தப் பேச்சு சண்டையில் முடியாமலிருக்கச் சில வழிகள் உண்டு.

கருத்துச் சொல்லும் முன் விடியற்காலையில் வயலைப் போய்ப் பாருங்கள். கொங்கு வட்டாரத்தில் மானாவாரி நிலத்துக்கும் காடு என்றே பெயர் என்பதால், பன்றி ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்கு வருவதாகத்தான் அங்குள்ளவர்கள் கருதுகிறார்கள். நிலக்கடலை வயலில் மண் உழுததுபோல் கிளறிக் கிடக்கும். பிடுங்கிய செடிகள் வாடிக் கிடக்க, காயிருந்த இடத்தில் மென்று துப்பிய தொலி மட்டும் மிஞ்சியிருக்கும். பால் பிடித்த மக்காச்சோளத்தில் தின்றதைவிடச் சாய்த்தது அதிகமாக இருக்கும். வயலைச் சுற்றிக் கட்டிய பழைய சேலைகளையும், இரவெல்லாம் தகரம் தட்டிய பரணையும் கூடவே பாருங்கள். தினைப்புனம் காத்ததைச் சங்கப் பாட்டில் படித்து ரசித்த நமக்கு, அந்தக் காவல் இன்றும் ஒருவருடைய தூக்கத்தைத் தின்றுகொண்டிருக்கிறது என்பது எளிதில் உறைப்பதில்லை.

அடுத்து, எந்த வேட்டையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். பயிரைக் காக்கக் கொல்வது, கறிக்காகக் கொல்வது, வீரத்துக்காகக் கொல்வது ஆகிய மூன்றும் வெவ்வேறு. ஆனால் ஒரே இரவில் ஒன்றோடொன்று கலந்துவிடக்கூடியவை. ஊர்க்காரர் முதலாவதை மட்டும் சொல்வார், நகரத்தார் காதில் இரண்டாவதும் மூன்றாவதும் மட்டுமே விழும். ஞாயிறுதோறும் மட்டன் பிரியாணி சாப்பிடுகிறவர் கொல்வதே பாவம் என்று தொடங்கினால், அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சட்டத்தைத் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்றியைத் தன் விருப்பப்படி எவரும் கொல்ல முடியாது. தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்தபடி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதியில்லை; 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம்; அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். கேரளத்தில் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே சுட உத்தரவிடும் அதிகாரம் தரப்பட்டது, ஆனால் இறந்த பன்றியைப் புதைத்துவிட வேண்டும், உண்ணக் கூடாது. கறி கிடைக்காது என்றானபின் சுட வேண்டும் என்ற வேகம் எவ்வளவு குறைகிறது என்பதைக் கவனித்தால், மேலே சொன்ன மூன்றும் தாமாகவே பிரிந்துவிடும்.

நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாத இடம் கொல்லும் முறைதான். மின்கம்பத்தில் கொக்கி போட்டு வயலைச் சுற்றி இழுத்த கம்பிக்கு வந்தது பன்றியா, பக்கத்து வீட்டுப் பிள்ளையா என்று தெரியாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அப்படியொரு வேலியில் 3 யானைகள் இறந்தன; உடன்வந்த 2 குட்டிகள் பிழைத்தன. தீனிக்குள் வெடிமருந்தை மறைத்து வைக்கும் அவுட்டுக்காயோ இன்னும் கொடியது: வாய் சிதைந்த விலங்கு உடனே சாவதில்லை, பட்டினியில் பல நாள் அலைந்து சாகும். இதைப் பெரியப்பாவிடம் தயங்காமல் சொல்லலாம். அவரும் உள்ளூர இதை அறிந்தவர்தான்.

கிராமம் என்றால் கொலை, நகரம் என்றால் கருணை என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. மறுபுறம், நீலகிரியில் 1879இல் வந்த வேட்டைச் சட்டம், துப்பாக்கியோடு பொழுதுபோக்க வந்த வெள்ளைக்காரத் துரைமார்களின் வேட்டை தடையின்றித் தொடர்வதற்கும் துணைநின்றது. காட்டைக் காக்கும் சட்டம் என்றதும் மலையோரத்தில் சிலர் முகம் சுளிப்பதற்கு இப்படிப்பட்ட பழைய கதைகளும் காரணம்.

பேசி முடித்தபின் ஏதாவது ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சேதமான வயலை அன்று காலையே தேதியோடு படம்பிடித்து, சிட்டா, அடங்கல் ஆகிய நிலப் பதிவேடுகளின் நகல்களை இணைத்து, நிவாரண மனுவைத் தட்டச்சு செய்து, பெரியப்பாவோடு வனச்சரக அலுவலகத்துக்கும் கிராம நிர்வாக அலுவலரிடமும் போய்வாருங்கள். சூரியசக்தி வேலி போடுவதானால் முறைப்படி பதிவு செய்து, செலவில் உங்கள் பங்கையும் தாருங்கள். ஒரு வயலுக்கு மட்டும் வேலி போட்டால் பன்றி அடுத்த வயலுக்குத்தான் போகும் என்பதால், அந்தப் பக்கத்து நான்கைந்து குடும்பத்தாரையும் முன்கூட்டியே அழைத்துப் பேசிவிடுங்கள்.