ஸ்பாரிங்கில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள்

யாங்கோனில் கராத்தே வகுப்புக்கு வரும் நம் பிள்ளைகளில் பாதிப் பேர் பகோடா திருவிழாக்களில் லெத்வே என்ற பர்மியக் குத்துச்சண்டையைப் பார்த்து வளர்ந்தவர்கள். கையில் கிளவுஸ் கிடையாது, வெறும் துணிக்கட்டுதான், தலையால் முட்டுவதும் செல்லும். பழைய முறைப்படி ஐந்து சுற்றுக்குள் யாரும் விழவில்லையென்றால் டிரா, பாயின்ட் கணக்கே இல்லை. அந்தக் கண்ணோடு வருபவனிடம் குமித்தே, அதாவது இருவர் எதிரெதிரே நின்று மோதிப் பழகும் ஸ்பாரிங், என்று சொன்னதும் எதிரில் நிற்பவனைச் சாய்க்க வேண்டும் என்றுதான் கை துடிக்கும். லெத்வே பெரிய கலை, அதில் சந்தேகமே இல்லை, ஆனால் கராத்தே பயிற்சியில் கூட இருக்கும் பையனின் பல்லை உடைத்துவிட்டால் அடுத்த வாரம் யாரோடு பழகப் போகிறீர்கள்? நான் பழகிய இடத்தில் அப்படி ஒருவன் உதடு கிழிந்து போனவன்தான், அப்புறம் திரும்பி வரவே இல்லை. நல்ல கால்வீச்சு அவனுக்கு.

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்று இருக்கிறது. யாரும் அதைத் தவறாகவே நினைப்பதில்லை. இப்போன் குமித்தேயில், அதாவது ஒருவர் ஒரே ஒரு தாக்குதலைச் சொல்லிவிட்டுச் செய்ய மற்றவர் தடுத்துத் திருப்பி அடிக்கும் பயிற்சியில், நண்பனுக்கு வலிக்கக் கூடாதே என்று குத்தைக் காதுக்குப் பக்கத்தில் விடுவது, இல்லையென்றால் ஒரு சாண் முன்னாலேயே நிறுத்திவிடுவது. தடுப்பவன் அழகாகக் கையைச் சுழற்றுவான், எல்லாம் சரியாக நடந்த மாதிரி இருக்கும். எங்கள் சயா, அதாவது ஆசிரியர், இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருந்தார். திடீரென்று தடுப்பவனிடம், "தம்பி, தடுக்காதே, அசையாமல் நில்" என்பார். குத்து வரும். பத்தில் ஏழு தடவை காதோரக் காற்றைத்தான் குத்தியிருக்கும். அப்படியானால் அவ்வளவு நாளும் அவன் எதைத் தடுத்துக்கொண்டிருந்தான்?

குத்து குறிக்கே வர வேண்டும். நெஞ்சுக்கு என்று சொன்னால் நெஞ்சுக்கு நேராக, சட்டைத் துணியைத் தொடும் அளவுக்கு வந்து அங்கே நிற்க வேண்டும். அப்படி நிறுத்துவதற்குத்தான் கட்டுப்பாடு என்று பெயர், குறி தவறி அடிப்பதற்கு இல்லை. இதற்கெல்லாம் அடிப்படை தூரம், ஜப்பானியர்கள் மா-ஐ என்பார்கள். நின்ற இடத்திலிருந்து கை எட்டக் கூடாது, ஒரு எட்டு முன்னால் வைத்தால் எட்ட வேண்டும். உயரமானவனோடு பழகும்போது இது மாறும், குள்ளமானவனோடு மறுபடி மாறும், அதனால் எப்போதும் ஒரே கூட்டாளியோடு நின்றுகொண்டிருக்காதீர்கள்.

தடுப்பவர் செய்யும் தவறும் இருக்கிறது: என்ன வரப்போகிறது என்று தெரிந்ததால் அது கிளம்பும் முன்பே நகர்ந்துவிடுவது. தாக்குபவரின் கையைப் பார்க்காதீர்கள், தோளும் இடுப்பும் அசைவதைப் பாருங்கள், அசைந்த பிறகு நகருங்கள். முதலில் தாமதமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

ஐந்து எட்டு வைத்துத் தாக்குவது, அப்புறம் மூன்று எட்டு, ஒரு எட்டு, பிறகு இருவரும் நகர்ந்துகொண்டே ஒரே தாக்குதல் செய்யும் ஜியூ இப்போன், கடைசியில் சுதந்திரச் சண்டை என்று ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். இரண்டாம் மாதமே கடைசிப் படிக்குப் போனால் முன்பு படித்த ஸ்டான்ஸ் (நிற்கும் நிலை), தடுப்பு எல்லாம் பறந்துபோய்த் தெருச்சண்டை மாதிரி கை வீசுவார்கள். போட்டிக் கணக்கும் ஆசை காட்டுகிறது: கைக் குத்துக்கு 1 பாயின்ட், வயிற்றில் உதைத்தால் 2, தலையில் உதைத்தால் 3. அந்த மூன்றுக்காக இடுப்பு இன்னும் நெகிழாதவர்களும் மவாஷி-கேரியை, அதாவது பக்கவாட்டில் சுழற்றி அடிக்கும் உதையை, தலைக்கு வீசுவார்கள், உதைத்த காலை முழங்காலோடு மடக்கி இழுக்காமல் தொப்பென்று முன்னால் போடுவார்கள். அந்த நொடியில் ஒற்றைக் காலில் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறீர்கள், யார் தட்டினாலும் விழுவீர்கள்.

தன் அடி எதிராளி மேல் பட்டதும் திரும்பி நடப்பதும் அப்படித்தான். நல்ல குத்து விழுந்தது என்று கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சயாவைப் பார்ப்பார்கள். அதற்குள் எதிரிலிருந்து ஒன்று வந்துவிடும். அடித்த பிறகும் கையும் கண்ணும் எதிராளி மேலேயே இருக்க வேண்டும், அதுதான் ஜான்ஷின்.

மூச்சை அடக்காதீர்கள். நகத்தை வெட்டுங்கள், வாய்க்காப்பு இல்லாமல் சுதந்திரச் சண்டை வேண்டாம். மழைக்காலத்தில் தரை ஈரமாக இருந்தால் முதலில் துடையுங்கள், வழுக்கினால் முழங்கால் திருகிக்கொள்ளும். தலையில் அடிபட்டுக் கண் மங்கினாலோ, தலைவலித்தாலோ, வாந்தி வருகிற மாதிரி இருந்தாலோ, "ஒன்றுமில்லை சயா" என்று சொல்லிவிட்டு மறுபடி நிற்கவே கூடாது. அன்றைக்குப் பயிற்சி அத்தோடு முடிந்தது. ஓரமாக உட்கார வைத்து, தனியாக அனுப்பாமல், யாராவது ஒருவர் கூடவே போய் டாக்டரிடம் காட்டுங்கள்.