மலையேறும் மின்சைக்கிளுக்குத் தானியங்கி கியர் அமைக்கும் முறை

செங்கோட்டையிலிருந்து புளியரை வயல்களைத் தாண்டிக் கோட்டவாசல் ஏறி ஆரியங்காவுக்குப் போகும் சாலையில் மின்சைக்கிள் ஓட்டுகிறவருக்குத் தானியங்கி கியர் மிகவும் தேவையான ஒன்று. மோட்டார் இல்லாத சைக்கிளில் ஏற்றம் வந்ததும் கால் கனத்து, கியரை இறக்கச் சொல்லிவிடும். மோட்டார் இருந்தால் அந்தக் கனம் காலுக்கு எட்டுவதில்லை. ஓட்டுகிறவர் மூன்றாம் கியரிலேயே மிதித்துக்கொண்டிருக்க, மோட்டார் மெதுவாகச் சுழன்று, மின்கலத்தில் இருப்பதில் கணிசமான பகுதியை வெப்பமாகவே கரைத்துவிடுகிறது. எஸ் வளைவில் சரக்கு லாரிகளுக்குப் பின்னால் நின்று நின்று ஏறும்போது இரண்டு கைகளும் பிரேக்கில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கியரைத் தானாக மாற வைப்பதன் அருமை புரியும்.

முதலில் மோட்டார் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பின்சக்கர ஹப்பிலேயே, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்திலேயே, மோட்டார் இருந்தால் அதன் விசை கியர் வழியாகப் போவதே இல்லை. கியர் உங்கள் காலுக்கு மட்டும்தான் உதவும். அந்த இடத்தை மோட்டார் பிடித்துக்கொள்வதால், கியர்களை உள்ளேயே அடக்கிய கியர் ஹப் பொருத்தவும் வழியில்லை. முன்சக்கரத்தில் மோட்டாரும் பின்சக்கரத்தில் கியர் ஹப்பும் வைக்கலாம். ஆனால் ஏற்றத்தில் எடை பின்னுக்குப் போவதால், சாரல் பெய்யும் ஆனி, ஆடி மாதங்களில் ஈரத் தாரில் முன்சக்கரம் வழுக்கும். அலுமினிய ஃபோர்க்கில் மோட்டார் அச்சு திருகி வெளியேறாதபடி பிடித்துக்கொள்ளும் டார்க் ஆர்ம் என்ற தகட்டைப் போடாமல் ஓட்டவே கூடாது. மலைக்கு ஏற்றது பெடல் அச்சில் அமரும் நடு மோட்டார்தான். அதன் விசை செயின் வழியாகக் கியருக்குள் நுழைவதால் கியர் மாறும்போது மோட்டாருக்கும் பலன் உண்டு. கியர் உடைவதும் அந்த விசையால்தான்.

தானியங்கி கியரில் மிக எளியது ஸ்ராம் நிறுவனம் முன்பு தயாரித்த ஆட்டோமாட்டிக்ஸ் போன்ற இரண்டு வேக ஹப். சக்கரம் வேகமாகச் சுழன்றால் உள்ளே இருக்கும் சிறு எடைகள் மையவிலக்கு விசையால் விரிந்து மேல் கியரைப் பிடிக்கும். கம்பியோ மின்சாரமோ வேண்டாம். ஆனால் அதற்குச் சக்கர வேகம் மட்டுமே தெரியும்; மோட்டார் தள்ளும் வேகத்தில் ஏற்றத்திலும் மேல் கியரிலேயே நின்றுவிடும். என்வியோலோ ஹப்பில் படிகளே இல்லை. அதன் தானியங்கி வகையில் நிமிடத்துக்கு எத்தனை முறை மிதிக்க விரும்புகிறீர்கள் என்று சொல்லிவிட்டால் விகிதத்தை அதுவே சரிசெய்துகொள்ளும். ஷிமானோ, ஸ்ராம், பினியன் ஆகியவை மோட்டாரும் கியரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முழு அமைப்புகளையே விற்கின்றன. பணம் இருப்பவர்கள் அவற்றையே வாங்கலாம். கீழே நான் சொல்வது, ஸ்டர்மி ஆர்ச்சர் ஏ.டபிள்யூ. வகை மூன்று வேக ஹப், நடு மோட்டார், கியர் கம்பியை இழுக்க ஒரு சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறு மோட்டார்), நிரல் எழுதி இயக்கும் ஆர்டுயினோ போன்ற ஒரு சிறு மின்னணுப் பலகை ஆகியவற்றைக் கொண்டு நாமே அமைப்பதைப் பற்றி.

இந்த ஹப்பின் மூன்று கியர்களில், பின்பல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் சுழலும் அளவு முறையே 75, 100, 133 விழுக்காடு. சட்டப்படி 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உள்ளே இருந்தால்தான் மின்சைக்கிளுக்குப் பதிவு வேண்டியதில்லை. இது மத்திய விதி என்பதால் தமிழ்நாடு, கேரள எல்லையின் இரு பக்கமும் ஒன்றே. எனவே மூன்றாம் கியரில் நிமிடத்துக்கு 75 மிதிக்கு 25 கிலோமீட்டர் வந்தால் போதும், அதற்கு மேல் வைப்பது வீண். 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.2 மீட்டர் ஓடும் என்று கொண்டால், முன்னால் 42 பல், பின்னால் 22 பல் என்பது கணக்குக்குச் சரியாக வரும். ஒரு மிதிக்கு முதல் கியரில் 3.15, இரண்டாம் கியரில் 4.2, மூன்றாம் கியரில் 5.6 மீட்டர் கிடைக்கும். பின்பல்லை இன்னும் பெரிதாக்கினால் ஏற்றம் சுலபமாகும்தான், ஆனால் ஹப்புக்குள் போகும் முறுக்குவிசையும் கூடும்: 80 நியூட்டன் மீட்டர் தரும் மோட்டார் இந்தப் பல் கணக்கில் 42 நியூட்டன் மீட்டரை ஹப்புக்குக் கொடுக்கிறது. உங்கள் ஹப்புக்கு எவ்வளவு குறைந்த பல் விகிதம் வரை அனுமதி என்பதைப் பார்த்துவிட்டே பல்சக்கரம் வாங்குங்கள்.

அடுத்தது மாறும் வேகங்கள். மிதி நிமிடத்துக்கு 80 ஆனதும் கியரை மேலே ஏற்ற வேண்டும் என்று வைத்தால், கியர் மாறிய நொடியில் மிதி 60-க்கு இறங்கும். கீழே இறக்கும் எல்லையையும் 60-லேயே வைத்தால் கியர் ஏறுவதும் இறங்குவதுமாக ஊசலாடும். அதை 50-இல் வையுங்கள். வேகமாகச் சொன்னால், ஒன்றிலிருந்து இரண்டுக்கு 15 கிலோமீட்டரிலும், இரண்டிலிருந்து மூன்றுக்கு 20-இலும் ஏற வேண்டும். மூன்றிலிருந்து இரண்டுக்கு 17-இலும், இரண்டிலிருந்து ஒன்றுக்கு 12.5-இலும் இறங்க வேண்டும். முதியவர்களுக்கும் முட்டிவலி உள்ளவர்களுக்கும் கீழ் எல்லையைச் சற்று உயர்த்தி, 55 மிதி அளவில் வைப்பது நல்லது.

வேகம் மட்டும் போதாது என்பதை நான் ஹப்பைக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். புளியரை தாண்டி முதல் ஏற்றத்தில், மோட்டார் முழு விசையில் இழுத்துக்கொண்டிருந்தபோது சர்வோ மூன்றிலிருந்து இரண்டுக்குக் கம்பியை இழுத்தது. விசை அழுத்திக்கொண்டிருந்ததால் கியர் உடனே மாறவில்லை. பிறகு டங்கென்ற சத்தத்தோடு பெடல் காலடியில் குதித்தது. வீட்டுக்கு வந்து ஹப்பைத் திறந்தபோது, சிலுவை வடிவக் கிளட்சின் ஒரு முனை மழுங்கியிருந்தது. அதிலிருந்து உதிர்ந்த எள்ளளவு இரும்புத் துணுக்கு கருத்த கிரீஸில் மினுங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே பலகைக்கு நீங்கள் எழுதும் நிரலில் வரிசை இப்படித்தான் இருக்க வேண்டும்: முதலில் மோட்டாரை நிறுத்து, பிறகு கம்பியை இழு, அரை நொடி பொறு, அதன் பின் மோட்டாரை மெதுவாகத் திரும்பக் கொடு. மோட்டாரை நிறுத்தத் தனியாக எதுவும் தேட வேண்டாம். பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்தும் கம்பி பெரும்பாலான கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் உண்டு, அதையே ஒரு ரிலே (பலகை இயக்கும் மின்சுவிட்ச்) வழியாகப் பயன்படுத்தலாம். காலின் விசையை நிறுத்தப் பலகையால் முடியாது என்பதால், மாறுவதற்குச் சற்று முன் ஒலிக்கும் ஒரு சிறு பஸ்ஸர் வையுங்கள். சத்தம் கேட்டதும் காலைத் தளர்த்துவது ஓரிரு நாளில் பழகிவிடும். ஏற்றத்தை அறிய மின்னோட்டத்தைப் பாருங்கள். 36 வோல்ட் மின்கலத்தில் 250 வாட் என்பது ஏறக்குறைய 7 ஆம்பியர். 5 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து இழுத்துக்கொண்டிருந்தால், வேகம் 20-ஐத் தொட்டாலும் மேல் கியருக்குப் போகக் கூடாது என்று எழுதிவிடுங்கள்.

கம்பியின் இழுப்பைச் சரிசெய்ய, சர்வோவை இரண்டாம் கியர் நிலையில் நிறுத்திவிட்டு வலப்பக்க அச்சு நட்டின் துளை வழியே பாருங்கள். உள்ளே தெரியும் சிறு தண்டின் முனை அச்சின் முனையோடு சரிமட்டமாக இருக்க வேண்டும். சற்றுப் பிசகினாலும் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எந்தக் கியரும் பிடிக்காத ஓர் இடம் இருக்கிறது. அதில் மாட்டினால் பெடல் வெறுமனே சுழலும், எழுந்து நின்று மிதிப்பவர் விழுந்துவிடுவார். இந்த ஹப்பில் கம்பி அறுந்தால் கியர் மூன்றாவதற்கே போய் நிற்கும் என்பதால், ஏற்றத்துக்குப் போகும்போது ஒரு மாற்றுக் கம்பியும் சிறு ஸ்பேனரும் பையில் இருக்கட்டும்.

முதல் சோதனையைப் பின்சக்கரத்தைத் தூக்கி வைத்து, மோட்டாரின் மிகக் குறைந்த நிலையில் செய்யுங்கள். இரண்டாவதைத் தென்காசிச் சாலையின் சமதளத்தில் செய்யலாம். அதன் பிறகு புளியரை ஏற்றத்துக்குப் போங்கள், அதுவும் லாரிகள் குறைந்த அதிகாலையில். சோதனைச் சாவடி அருகே வேண்டுமென்றே ஒருமுறை நிறுத்திவிட்டு, கியர் ஒன்றுக்கு வந்திருக்கிறதா என்று பார்த்துக் கிளம்புங்கள். முதல் ஐம்பது கிலோமீட்டருக்குள் புதுக் கம்பி சற்றே நீளும். அச்சுத் துளையில் அந்தத் தண்டின் முனையை அப்போது இன்னொரு முறை பார்த்து இறுக்கிவிட வேண்டும்.