சம உயரக் கோடுகளிலிருந்து குறுக்குவெட்டு: மதிப்பெண் நழுவும் இடங்கள்

மேல்நிலை வகுப்புப் புவியியலில், வரைபடத்தின் சம உயரக் கோடுகளை (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) வைத்துக் குறுக்குவெட்டு, அதாவது நிலத்தை ஒரு கோட்டின் வழியே வெட்டிப் பக்கவாட்டில் பார்க்கும் படம், வரையச் சொன்னால் பலரும் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். உண்மையில் கட்டுரை வினாவைவிட இது எளிது. சரியா தவறா என்று நாமே பார்த்துக்கொள்ளலாம்.

வரைபடத்தின் அளவை 1:50,000, அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையே உயர வித்தியாசம் 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நேரான ஓரமுள்ள காகிதத் துண்டை, குறுக்குவெட்டின் இரு முனைகளான அ, ஆ புள்ளிகளை ஒட்டி வையுங்கள். ஓரத்தை வெட்டும் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு கீறல். உயரத்தை அப்போதே எழுதிவிடுங்கள். பிறகு எழுதலாம் என்று விட்டால் எது 340, எது 360 என்று குழம்பிவிடும். ஓடையையும் சாலையையும் குறித்துக்கொள்ளுங்கள். கோடுகள் நெருக்கியடிக்கும் இடத்தில் தடித்த கோடுகள் மட்டும் போதும்.

துண்டைக் கிராஃப் தாளின் அடிக்கோட்டில் வைத்து, ஒவ்வொரு கீறலுக்கும் நேர் மேலே அதன் உயரத்தில் புள்ளியிடுங்கள். மிகத் தாழ்ந்த இடம் 220 மீட்டர் என்றால் அடிக்கோட்டை 200-இல் தொடங்கலாம். புள்ளிகளைக் கைவளைவாக இணைக்க வேண்டும், அளவுகோல் வேண்டாம்.

அதிகம் பேர் சறுக்குவது உச்சியில்தான். அடுத்தடுத்து இரண்டு 380 வந்தால் நேர்கோடு இழுத்து மலையைத் தட்டையாக்கிவிடுகிறார்கள். நடுவே நிலம் 380-ஐத் தாண்டி எழும்பும், 400-ஐ எட்டாது. அந்த அளவுக்குக் கோடு மேலே வளைய வேண்டும். நடுவே ஓடை போனால் கீழே வளையும். எது என்று சந்தேகமா? வரைபடத்துக்கே திரும்புங்கள்: கோடுகள் மேட்டை நோக்கிக் கூராக வளைந்தால் அது பள்ளத்தாக்கு.

நிலைக்குத்து அளவை (படத்தில் உயரத்தைக் காட்டும் அளவை) 1 செ.மீ.க்கு 100 மீட்டர் என்றால் அது 1:10,000. வரைபட அளவையின் 50,000-ஐ 10,000-ஆல் வகுத்தால் 5. உயரம் ஐந்து மடங்கு மிகைப்பட்டிருக்கிறது. படத்தின் கீழே இதை எழுத மறக்காதீர்கள். 1 செ.மீ.க்கு 20 மீட்டர் எடுத்தால் மிகைப்பாடு 25 மடங்கு, மேடெல்லாம் ஊசியாகிவிடும்.

இதனால்தான் சரிவைப் படத்தில் பாகைமானி வைத்து அளக்கக் கூடாது. வரைபடத்தில் 2.4 செ.மீ. என்பது தரையில் 1,200 மீட்டர். ஏற்றம் 120 மீட்டர் என்றால் சரிவு 1:10, சுமார் 6 பாகை. ஐந்து மடங்கு மிகைப்பட்ட படத்திலோ அது ஏறக்குறைய 27 பாகையாகத் தெரியும்.

ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் தெரியுமா என்ற கேள்விக்கு மட்டும் மிகைப்பாடு தொல்லை தராது. இரண்டையும் நேர்கோட்டால் இணையுங்கள். நிலம் கோட்டுக்கு மேலே எங்கும் எழாவிட்டால் தெரியும். ஆனால் இடையே காடோ கட்டடமோ இருந்தால் அதன் உயரத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.