அடிக்கடி வீங்கும் தொண்டைக்கு வீட்டில் என்ன செய்யலாம்?

உப்பு நீரில் கொப்பளித்தும் பலன் இல்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எப்படிக் கொப்பளித்தீர்கள் என்பதைத்தான். பெரும்பாலோர் வாயில் ஊற்றி, கன்னத்துக்குக் கன்னம் குலுக்கித் துப்பிவிடுகிறார்கள். வீங்கும் சதையான டான்சில் இருப்பதோ நாக்கின் அடிப்பகுதிக்கு இரு பக்கமும், தொண்டைக்குள். தண்ணீர் அங்கே போய்ச் சேர்வதே இல்லை.

திருவாரூர் மாவட்டத்துக் கிராமங்களில் சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். என் மகள் வயிற்றுப் பேரனுக்கு மழைக்காலம் வந்தாலே டான்சில் வீங்கிவிடும். அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது இது. ஒரு டம்ளர், அதாவது 250 மில்லி வெந்நீர், கை பொறுக்கும் சூட்டில். அதில் அரை டீஸ்பூன் உப்பு. கல் உப்பு என்றால் அடியில் ஒரு பரல்கூட நிற்காமல் கரைய வேண்டும். ஒரு மிடறு வாயில் எடுத்து, தலையை நன்றாக அண்ணாந்து, ‘ஆ...’ என்று குரல் கொடுக்க வேண்டும். தொண்டைக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல் களகளவென்று சத்தம் வந்தால் சரியான இடத்தில் படுகிறது என்று பொருள். மூச்சு முட்டும்வரை வேண்டாம்; பத்துப் பதினைந்து நொடி போதும், துப்பிவிட்டு அடுத்த மிடறு. டம்ளர் காலியாகும்வரை செய்ய வேண்டும். சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் என நாளைக்கு மூன்று, நான்கு முறை.

உப்பு நீர் வீங்கிய சதையில் தேங்கிய நீரை இழுக்கிறது, ஒட்டிக்கிடக்கும் சளியை இளக்குகிறது. அந்தச் சுகம் சிறிது நேரம்தான் நிற்கும் என்பதால்தான் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறேன். உப்பைக் கூட்டிப் போட்டால் வீக்கம் சீக்கிரம் வடியாது, தொண்டை வறண்டு எரியும். அண்ணாந்து கொப்பளிக்கத் தெரியாத சின்னக் குழந்தைகள் விழுங்கிவிடுவார்கள். அவர்களை இதற்குக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

இரவில் பேரனுக்கு மிளகுப் பால். நான்கைந்து மிளகை இரும்பு உரலில் ஒன்றிரண்டாகத் தட்டி, கால் டம்ளர் தண்ணீரில் மணம் எழும்வரை கொதிக்கவிட்டு, இரண்டு சிட்டிகை மஞ்சள்தூளும் பாலும் சேர்த்து ஒரு கொதி. இறக்கிய பிறகு பனங்கற்கண்டு. மஞ்சளின் சத்தை உடம்பு எளிதில் ஏற்காது. மிளகு கூட இருந்தால் கூடுதலாக ஏற்கும். மஞ்சளுக்குக் கடைப் பொடியை நான் நம்புவதில்லை, விரலி மஞ்சள் வாங்கி அரைத்துக்கொள்கிறேன். பால் ஒட்டுவதுபோல் இருந்தால் தூதுவளை ரசம் கொடுக்கலாம். தேன் ஒரு ஸ்பூன் நாக்கில் விட்டு மெல்ல இறங்கவிட்டாலும் எரிச்சல் தணியும். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும்.

அதிமதுரத் துண்டை வாயில் அடக்கிக்கொள்வது பழைய வழக்கம், இதம் தரும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தவிர்க்க வேண்டும்; அது கொதிப்பை ஏற்றும்.

சாப்பாடு குழைவாக இருக்கட்டும்: ரசம் சாதம், கஞ்சி, இட்லி. முறுக்கும் தட்டையும் புண்ணைக் கீறும். ஐஸ்கிரீம் என்றாலே பதறுகிறோம். டான்சில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மருத்துவர்களே ஐஸ்கிரீம் கொடுக்கச் சொல்வதுண்டு. குளிர்ச்சி வலியை மரத்துப்போகச் செய்யும். எதையும் விழுங்க மறுக்கும் குழந்தைக்கு அதைக் கொடுப்பதில் தவறில்லை. கொசுவர்த்திப் புகையையும் பீடி, சிகரெட் புகையையும் மட்டும் அந்த அறையை விட்டு விரட்டுங்கள்.

உள்நாக்கைத் தூக்கிவிடுகிறேன் என்று யாராவது உப்பும் மிளகும் தொட்ட விரலைக் குழந்தையின் தொண்டைக்குள் விட வந்தால், கையைப் பிடித்துத் தடுங்கள். சீழ் கட்டிய இடத்தை அப்படி அழுத்துவது ஆபத்து. கழுத்தில் சுண்ணாம்புப் பற்றுப் போட்டுத் தோல் வெந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். கொதிக்கும் பாத்திரத்தின் மேல் குழந்தையைக் குனியவைத்து ஆவி பிடிப்பதும் வேண்டாம்.

இனி நான் சொல்வதை இன்னும் கவனமாகக் கேளுங்கள். தொண்டை வீக்கத்தில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. ஒரு வாரத்தில் தாமே அடங்கும், ஆன்டிபயாடிக் தேவைப்படாது. ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வந்தால் கதையே வேறு. அது தீர்ந்த பிறகு, சில பிள்ளைகளுக்கு மூட்டுகள் வீங்கி, இதய வால்வு பழுதாகிவிடும். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்குத்தான் இந்த அபாயம் அதிகம். அப்படி வால்வு பழுதான ஒரு மாணவி, 21 நாளுக்கு ஒரு முறை பென்சிலின் ஊசிக்காக எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவாள். ஊசி வலிக்குமே என்று முன்கூட்டியே உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள். ‘தொண்டை வலிதானே, சரியாகிவிடும் என்று விட்டுவிட்டோம் நர்ஸம்மா’ என்று அவள் அம்மா ஒவ்வொரு முறையும் சொல்வார். அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன்: மருத்துவர் 10 நாளுக்கு மாத்திரை எழுதினால், மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டாலும் 10 நாளும் கொடுங்கள். மிச்சம் வைத்து அடுத்த முறைக்கோ அடுத்த வீட்டுப் பிள்ளைக்கோ கொடுக்காதீர்கள். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு ஆகாது. பாராசிட்டமால் மட்டும், எடைக்குத் தகுந்த அளவில்.

காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினாலோ, டான்சிலில் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தாலோ, உடம்பில் சிவப்புத் தடிப்புகள் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். மூச்சு விடச் சிரமம், எச்சிலை விழுங்க முடியாமல் வழிவது, வாயைத் திறக்க முடியாமல் தாடை இறுகுவது, குரல் குழறுவது, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

திரும்பத் திரும்ப வருகிறது என்றால் ஒரு நோட்டுப் போடுங்கள். வந்த தேதி, காய்ச்சல் அளவு, கொடுத்த மருந்து. ஒரே ஆண்டில் 7 முறை, அல்லது தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆண்டுக்கு 5 முறை, அல்லது மூன்று ஆண்டுகள் ஆண்டுக்கு 3 முறை கடுமையாக வந்திருந்தால் அறுவை சிகிச்சை பற்றி மருத்துவர்கள் யோசிப்பார்கள். தூக்கத்தில் குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று நின்று வருகிறதா என்றும் பார்த்து எழுதுங்கள்.

பெரியவர்களுக்குத் தொண்டை விடாமல் உறுத்தினால், ராத்திரி சாப்பிட்டவுடன் படுப்பதால் மேலேறும் வயிற்று அமிலமும் காரணமாக இருக்கலாம். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் விட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வீக்கம், அல்லது மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மல் இருந்தால், அதுவும் புகையிலைப் பழக்கம் உள்ளவர் என்றால், கஷாயத்தை அடுப்பிலேயே விட்டுவிட்டு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.