தவணைக் கணக்கை பிளாக்செயினில் ஏற்றும் முன்

நுண்கடன் குழுக்களுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. கடனாளியின் பாஸ்புக்கில் ஒன்பது தவணை, எங்கள் பேரேட்டில் எட்டு என்று வந்து நிற்கும் வழக்குகளைத் தீர்த்தே பாதி நாள் போயிருக்கிறது. பிளாக்செயின் பக்கம் நான் போனது அதனால்தான், பிட்காயின் ஆசையால் இல்லை. ஒரே கணக்கின் பிரதியைப் பலர் வைத்திருந்து, யாரும் தனியாக மாற்ற முடியாதபடி பதிவுகளைச் சங்கிலியாகக் கோர்க்கும் முறைதான் பிளாக்செயின்.

பிளாக்செயின் எழுதியதை மாற்றவிடாது. எழுதியது உண்மையா என்பது அதற்குத் தெரியாது. 500 வாங்கிக்கொண்டு 400 என்று பதிந்தால் அந்தப் பொய்யும் அழியாமல் இருக்கும். அதனால் பணம் கைமாறும் இடத்திலேயே இரண்டு பேரும் ஒப்புக்கொள்ளும்படி அமையுங்கள். வசூலிப்பவர் தொகையைப் பதிந்ததும் கடனாளியின் போனுக்குத் தொகையும் ஓடிபியும் போகவேண்டும். அதைச் சொன்னால்தான் பதிவு ஏறும். சாதாரண போனே போதும். படிக்கத் தெரியாதவருக்குத் தொகையைக் குரலில் சொல்லும் அழைப்பு வையுங்கள். நாங்கள் ஆரம்பித்தபோது வசூலிப்பவர் ஒருவர் பல உறுப்பினர்களுக்குத் தன் நம்பரையே கொடுத்து வைத்திருந்தார். ஓடிபி எல்லாம் அவருக்கே போனது! நம்பர் பதியும் வேலை வேறொருவரிடம் இருக்கட்டும்.

யார் யார் பிரதி வைத்திருப்பது? கடன் கொடுக்கும் நிறுவனம் மட்டுமே எல்லா நோடுகளையும் (பிரதி இருக்கும் கணினிகளை) வைத்திருந்தால் அது சாதாரண டேட்டாபேஸ்தான், செலவுதான் கூடுதல். நிறுவனம், அதற்கு நிதி தரும் வங்கி, தணிக்கையாளர், உறுப்பினர் கூட்டமைப்பு என நான்கு பேரிடமாவது பிரதி இருக்கட்டும். யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய பொதுச் சங்கிலி வேண்டாம்; ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் என்ற மென்பொருள் மாதிரி, அனுமதி பெற்றவர் மட்டும் நுழையும் வகை இதற்குப் பொருந்தும்.

பெயர், முகவரி, போன் நம்பர் எதையும் சங்கிலியில் ஏற்றாதீர்கள். பிறகு அழிக்க முடியாது. போன் நம்பரை ஹாஷ் (நேராகத் திருப்பி எடுக்க முடியாத குறியீடு) ஆக்கிவிட்டேன் என்று நிம்மதியாகவும் இருக்காதீர்கள். பத்து இலக்க நம்பர் எல்லாவற்றையும் எஸ்எச்ஏ-256 என்ற ஹாஷ் முறையில் போட்டுப் பார்த்து உங்கள் நம்பரைக் கண்டுபிடிப்பது ஒரு கணினிக்குப் பெரிய வேலையே இல்லை. ஒவ்வொருவருக்கும் தொடர்பில்லாத ஓர் அடையாள எண் கொடுத்து, யாருக்கு எது என்ற பட்டியலைத் தனியாகப் பூட்டி வையுங்கள்.

தப்பாகப் பதிந்தால்? பழைய கணக்கர் வழிதான்: அடித்து எழுதாமல், காரணத்தோடு, அதை ரத்துசெய்யும் ஓர் எதிர்ப்பதிவு போட்டுவிட்டுச் சரியான பதிவை எழுதுங்கள்.

வட்டியில்தான் பெரும்பாலான மூடுமந்திரம் நடக்கிறது. 12,000 கடன், ஆண்டுக்கு 12 சதவீதம், அசலை 12 சம மாதத் தவணையில் அடைக்கவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு அசலுக்கும் கடைசிவரை வட்டி போட்டால் 1,440. குறையும் நிலுவைக்கு மட்டும் போட்டால் 780. இரண்டும் ‘12 சதவீதம்’தான்! எந்த முறை, தாமதக் கட்டணம் எவ்வளவு, காப்பீட்டுப் பிடித்தம் எவ்வளவு என்பதைக் கடன் கொடுக்கும் நாளிலேயே முதல் பதிவாக ஏற்றி, கடனாளிக்குப் புரியும் மொழியில் அச்சடித்துக் கையில் கொடுங்கள்.

மூன்று மாதம் பழைய பேரேட்டையும் கூடவே எழுதுங்கள். வாரக் கடைசியில் இரண்டையும் பாஸ்புக்கோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகாததைப் பட்டியலிடுங்கள். தொடக்கத்தில் பட்டியல் நீளமாக வந்தால் பயப்படவேண்டாம். முதல் வாரமே காலியாக வந்தால் போய் விசாரியுங்கள்; யாரோ ஒன்றைப் பார்த்து இன்னொன்றை எழுதிக்கொண்டிருக்கலாம்.