சிபி ரேடியோவில் புரியாத இரைச்சல்: மூலத்தைத் தேடிப் பிடிக்கும் முறை

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவில், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலத் தொடக்கத்தில், என் சிபி ரேடியோவில் (‘சிட்டிசன்ஸ் பேண்ட்’, பொதுமக்கள் குறுந்தொலைவில் பேசிக்கொள்ளும் இருவழி ரேடியோ) ஓர் இரைச்சல் குடிபுகுந்தது. ஏழெட்டு நிமிடம் கரகரக்கும், பிறகு நான்கைந்து நிமிடம் அடியோடு ஓய்ந்துவிடும், மறுபடி தொடங்கும். லாரி ஓட்டுநர்கள் பேசிக்கொள்ளும் 19ஆம் அலைவரிசையில் நெடுஞ்சாலைப் பேச்சைத் தெளிவாகக் கேட்டுப் பழகியிருந்த எனக்கு, அதன் பிறகு தெருமுனையில் நிற்கும் வண்டியின் குரல்கூடப் பாதிதான் காதில் விழுந்தது. மூலத்தைக் கண்டுபிடிக்க ஆறு வாரம் ஆயிற்று. சரியான வரிசையில் தேடியிருந்தால் இரண்டு வார இறுதிகளில் முடிந்திருக்கும் வேலை அது. அந்த வரிசையை, இந்தத் துறைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

தேடத் தொடங்கும் முன் ஓர் அடிப்படையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் சிபி ரேடியோவுக்கு 26.965 முதல் 27.405 மெகாஹெர்ட்ஸ் வரை 40 அலைவரிசைகள் உள்ளன. அலைநீளம் ஏறத்தாழ 11 மீட்டர். பெரும்பாலான பேச்சு ஏஎம் முறையில், 4 வாட் ஆற்றலில் நடைபெறுகிறது. ஏஎம் முறையில் அலையின் வீச்சே செய்தியைச் சுமக்கிறது. மின்சாரத் தீப்பொறிகள் எழுப்பும் இரைச்சலும் வீச்சாகவே வந்து சேர்வதால், எது பேச்சு, எது பொறி என்று பிரித்தறிய ரேடியோவுக்கு வழியில்லை. போதாக்குறைக்கு, 27.12 மெகாஹெர்ட்ஸை மையமாகக் கொண்ட ஒரு பட்டையைத் தொழிற்சாலை, அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென்று உலக அளவில் ஒதுக்கியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் தாள்களை ஒட்டும் இயந்திரங்களும், உடலுக்கு வெப்பச் சிகிச்சை தரும் சில கருவிகளும் அங்கேதான் இயங்குகின்றன. அந்த 27.12 என்பது சிபியின் 13, 14ஆம் அலைவரிசைகளுக்கு நடுவே விழுகிறது. சிபி பயன்படுத்துபவர்கள் வாடகைக்கு இருப்பவர்கள் மாதிரிதான். அந்தப் பட்டைக்குள் அத்தகைய கருவிகளிலிருந்து வரும் குறுக்கீட்டைச் சகித்துக்கொள்ள வேண்டும் என்பதே விதி.

முதல் படி: நாட்குறிப்பு எழுதுங்கள்

ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குவதற்கு முன், குறைந்தது ஐந்து நாள் இரைச்சலைக் கவனித்து எழுதுங்கள். ஸ்குவெல்ச் குமிழை (வலுவான குரல் வராதபோது ரேடியோவை ஊமையாக்குவது) முழுதும் திறந்து, இரைச்சலை அடக்கும் பொத்தான்கள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கேட்க வேண்டும். இல்லையென்றால் ரேடியோ உங்களிடமிருந்து தடயத்தை மறைக்கும். தொடங்கிய நேரம், நின்ற நேரம், எஸ்-மீட்டர் (வந்து சேரும் அலையின் வலுவை எஸ் 1, எஸ் 2 என்று காட்டும் அளவி) காட்டிய அளவு, 1, 20, 40 ஆகிய மூன்று அலைவரிசைகளிலும் ஒரே அளவில் இருந்ததா, அன்று வெயிலா மழையா ஆகியவற்றைக் குறித்துக்கொண்டால் போதும். சிபி ரேடியோக்களின் மீட்டர் துல்லியமானது அன்று. ஆனால் நமக்குத் தேவை ஏற்ற இறக்கம் மட்டுமே.

இந்தக் குறிப்பே பாதி விடையைச் சொல்லிவிடும். சூரியன் எழும்போது தொடங்கி மறையும்போது ஓய்வது கூரைமேல் உள்ள சூரிய மின்தகடுகளின் இன்வெர்ட்டராக இருக்கக்கூடும். அந்தியில் தொடங்கி விடியும்வரை நீடிப்பது தோட்ட விளக்கு. ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை ‘டக்’ என்று அடித்தால் அருகில் கால்நடை வளர்ப்பவரின் மின்வேலியைத் தேடுங்கள். எண்ணெயில் அப்பளம் பொரிவது போன்ற கரகரப்பு மழை பெய்ததும் மறைந்து, வெயில் காய்ந்ததும் திரும்பினால், மின்கம்பத்தில் தளர்ந்த இரும்பு உதிரி ஏதோ பொறி விடுகிறது என்று ஐயப்படலாம். அலைவரிசையை மாற்ற மாற்ற இரைச்சல் ஏறி இறங்கி, சம இடைவெளியில் மேடுமேடாக வருமானால், அது சார்ஜர், மடிக்கணினி அடாப்டர், மலிவான எல்இடி விளக்கு போன்றவற்றுக்குள் இருக்கும் ஸ்விட்ச்-மோட் மின்வழங்கியின் (மின்சாரத்தை அதிவேகமாகத் துண்டித்துத் துண்டித்து மின்னழுத்தத்தை மாற்றும் சுற்று) கைரேகை. வேலை நேரத்தில் மட்டும் சில நொடி ‘ஊம்’ என்று ஊர்ந்து, நின்று, மீண்டும் வருவது மேலே சொன்ன பிளாஸ்டிக் ஒட்டும் இயந்திரமாக இருக்கலாம்.

பகல் வேளையில் நூறு குரல்களும் விசில்களும் ஒன்றன்மேல் ஒன்று புரண்டால், அதைத் துரத்த வேண்டாம். அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வரும் பேச்சு அது. சூரியச் செயல்பாடு மிகும் ஆண்டுகளில் இது இயல்பு.

என் குறிப்பேட்டில் வந்தது இவற்றில் எதுவும் இல்லை. இரவு பகல் பாராமல், எல்லா அலைவரிசையிலும் ஒரே அளவில், எஸ் 7 வரை ஏறும் கரகரப்பு. அதற்குள் ஒரு தாழ்ந்த ரீங்காரம். இங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ்; ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை என்பதால் பொறி நொடிக்கு 120 முறை தெறிக்கும். 50 ஹெர்ட்ஸ் ஓடும் நம் ஊரில் அதே பழுது 100 முறை தெறிக்கும். எனவே மின்சாரத்தில் ஓடும் ஏதோ ஒன்றில் பொறி பறக்கிறது என்பதும், அது சூடாகி அணைந்து, குளிர்ந்து எரிகிறது என்பதும் அந்தக் காகிதத்திலேயே இருந்தன. அப்போது எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

இரண்டாம் படி: ஆன்டெனாவைக் கழற்றுங்கள்

இரைச்சல் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ரேடியோவின் பின்புறத்திலிருந்து ஆன்டெனா கேபிளைக் கழற்றுங்கள். இரைச்சல் நின்றால் அது ஆன்டெனா வழியாக வருகிறது. நிற்காவிட்டால் மின்வயர் வழியாக வருகிறது, அல்லது ரேடியோவுக்குள்ளேயே பழுது. ஒரு நிமிடச் சோதனைதான். ஆனால் கேபிள் இல்லாத நிலையில் மைக்கின் பொத்தானை ஒருபோதும் அழுத்தக் கூடாது. வெளியேற வழியில்லாத ஆற்றல், ஒலிபரப்பும் டிரான்சிஸ்டரைக் கருக்கிவிடலாம்.

வண்டியில் பொருத்திய ரேடியோவாக இருந்தால் எஞ்சினை அணைத்துப் பாருங்கள். எஞ்சின் வேகத்தோடு கூடவே சுருதி ஏறும் ஊளை ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது. வேகத்துக்கேற்ப நெருங்கும் ‘டிக் டிக்’ ஒலி ஸ்பார்க் பிளக் சுற்றிலிருந்து வருகிறது. ரேடியோவின் இரு மின்வயர்களையும் நேரடியாகப் பேட்டரி முனைகளுக்குக் கொண்டுபோனால் முதல் தொல்லை பெரும்பாலும் அடங்கிவிடும்.

மூன்றாம் படி: வீட்டையே அணைத்துப் பாருங்கள்

ரேடியோவை 12 வோல்ட் பேட்டரியில் இணையுங்கள். கேட்பதற்கு மட்டும் என்பதால் 7 ஆம்பியர்-மணி கொண்ட சிறிய பேட்டரியே தாராளம். கணினிகளை முறைப்படி அணைத்து, வீட்டில் யாராவது மருத்துவக் கருவியை நம்பியிருக்கிறார்களா என்பதைக் கேட்டுக்கொண்டு, மெயின் பிரேக்கரை இறக்குங்கள். யூபிஎஸ் பெட்டிகள் மின்சாரம் போன பிறகும் பேட்டரியில் ஓடி இரைச்சல் எழுப்பும் என்பதால் அவற்றையும் தனியாக அணைக்க வேண்டும். இரைச்சல் நின்றுவிட்டால் மூலம் உங்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறது. மெயினை ஏற்றி, மற்ற பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்கி எந்த இணைப்பு என்று கண்டுபிடித்து, பிறகு அந்த இணைப்பில் செருகியிருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள்.

நான் வழுக்கி விழுந்தது இந்தப் படியில்தான். நிலவறைக்குப் போகும் பிரேக்கரை இறக்கியதும் இரைச்சல் நின்றது. ஈரப்பதம் நீக்கும் இயந்திரம்தான் குற்றவாளி என்று முடிவு கட்டி, அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டகையில் வைத்தேன். ஐந்து நிமிடத்தில் கரகரப்பு திரும்பியது. நான் பிரேக்கரை இறக்கிய கணமும் இரைச்சல் தானாக ஓயும் கணமும் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக ஒன்றிவிட்டன. விட்டுவிட்டு வரும் இரைச்சலில் ஒரு சோதனையை வைத்து எதையும் நம்பக் கூடாது. அணைத்தால் நிற்கிறதா, ஏற்றினால் உடனே வருகிறதா என்று மூன்று முறையாவது மாறி மாறிப் பார்க்க வேண்டும். அதன் ஓய்வு நேரத்தைவிட நீண்ட நேரம் காத்திருக்கவும் வேண்டும்.

நான்காம் படி: திசை காட்டும் வளையம்

வீடு இருளில் மூழ்கிய பிறகும் இரைச்சல் தொடர்ந்தால் வெளியே போக வேண்டியதுதான். கையடக்க சிபி ரேடியோவும் ஒரு வளைய ஆன்டெனாவும் போதும். வளையத்தைக் கடையில் வாங்க வேண்டிய தேவையில்லை. 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புக் கம்பி ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக எடுத்து, 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டமாக வளைத்து, ஒரு மரச்சட்டத்தில் கட்டுங்கள். கம்பியின் இரு முனைகளுக்கு இடையே 10 முதல் 60 பிகோஃபாரட் வரை மாற்றக்கூடிய டிரிம்மர் மின்தேக்கியைப் பற்றவையுங்கள். அதற்கு நேர் எதிர்ப்புறத்தில், பெரிய வட்டத்துக்குள், 6 சென்டிமீட்டர் விட்டத்தில் இன்னொரு சிறு வளையம். அதன் முனைகள் கோஆக்சியல் கேபிள் வழியாக ரேடியோவுக்குச் செல்லும். 20ஆம் அலைவரிசையில் வைத்துக்கொண்டு இரைச்சல் உச்சத்தை எட்டும்வரை டிரிம்மரைத் திருப்புங்கள். டிரிம்மர் ஏறத்தாழ 40 பிகோஃபாரட்டில் இருக்கும்போது உச்சம் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் வட்டத்தைச் சற்றே விரித்தோ சுருக்கியோ பாருங்கள். இந்த வளையம் கேட்பதற்கு மட்டுமே. இதன் வழியே ஒலிபரப்பினால் சிறு மின்தேக்கி தாங்காது.

வளையத்தைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு மெல்லச் சுற்றுங்கள். வளையத்தின் விளிம்பு இரைச்சல் மூலத்தை நோக்கும்போது ஒலி உச்சமாகவும், சாளரத்தின் வழியே எட்டிப் பார்ப்பது போல வளையத்தின் ஊடாக அந்தத் திசையைப் பார்க்கும்போது மிகக் குறைவாகவும் இருக்கும். உச்சம் அகன்று பரந்திருக்கும்; தாழ்வு கூர்மையானது. ஆகவே தாழ்வை நம்புங்கள். முன்பக்கமா பின்பக்கமா என்பதை வளையம் சொல்லாது என்பதால், ஒன்றுக்கொன்று விலகிய மூன்று இடங்களில் நின்று பார்த்து, தெருவின் வரைபடத்தில் மூன்று கோடுகளை இழுங்கள். அவை ஒரு புள்ளியில் சந்திக்கா. ஒரு சிறு முக்கோணம் விழும். அதற்குள்தான் தேட வேண்டும்.

மின்கம்பிகளுக்கு அருகில் நின்று அளக்காதீர்கள். கம்பிகள் இரைச்சலை வாங்கித் தாமே மறுபடி பரப்புவதால், எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே அளவு கேட்கும். திறந்த வெளிக்குச் சென்று அளந்தால் தாழ்வு தெளிவாகும்.

முக்கோணத்தை அடைந்த பிறகு சிபி ரேடியோ பயன்படாது. எல்லாப் பக்கமும் ஒரே இரைச்சலாக இருக்கும். பொறியினால் எழும் இரைச்சல், மேலான அதிர்வெண்களில் மூலத்தை விட்டு விலகியதும் வலுவிழப்பதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை விமானப் பேச்சைக் கேட்கும் சிறிய ஏஎம் ரேடியோவில் அதே கரகரப்பு கேட்கத் தொடங்கினால், மிகவும் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். என் கோடுகள் எதிர் வரிசையில் மூன்றாவது வீட்டில் சந்தித்தன. விமானப் பட்டையில் அந்த வீட்டு வாசலில் மட்டும்தான் சத்தம் கேட்டது.

மூலம் மின்கம்பமாகத் தெரிந்தால் கம்பத்தைத் தட்டவோ அதன் தாங்குக் கம்பியை அசைத்துப் பார்க்கவோ கூடாது. கம்பத்தின் எண்ணைக் குறித்து மின்நிறுவனத்திடம் தெரிவியுங்கள். தீங்கான குறுக்கீட்டை நிறுத்தும் பொறுப்பு, அதை எழுப்பும் அமைப்பை இயக்குபவருடையது என்பது அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின் விதி.

ஐந்தாம் படி: அண்டை வீட்டுக் கதவு

இந்தப் படியில் தொழில்நுட்பத்தைவிடப் பேச்சுக்கே வேலை அதிகம். “உங்கள் வீட்டால் எனக்குத் தொல்லை” என்று தொடங்கினால் கதவு மூடப்படும். நான் ரேடியோவைக் கையோடு எடுத்துப் போய், அந்த வீட்டு முதியவரின் காதிலேயே சத்தத்தைக் கேட்கவைத்து, “பொறி பறக்கும் சத்தம் இது, எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவது உங்களுக்கும் நல்லது” என்றேன். அது தந்திரமும் அன்று. சுவருக்குள் பறக்கும் பொறி தீப்பிடிக்கவும் காரணமாகலாம்.

அவர் பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்க, நான் வாசலில் நின்று கேட்டேன். ஏழாவது பிரேக்கரில் நின்றது, ஏற்றியதும் வந்தது, மூன்று முறையும் அப்படியே. அந்த இணைப்பில் ஓடிய விளக்கையும் குளிர்பெட்டியையும் பிடுங்கிய பிறகும் கரகரப்பு நிற்கவில்லை. மாடத்துப் பரணில், வெப்பக்காப்புப் பஞ்சுக்கு அடியில், யாரும் நினைவில் வைத்திராத அழைப்புமணி டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று கிடந்தது. அமெரிக்க வீடுகளில் 120 வோல்ட்டை 16 வோல்ட் அளவுக்குக் குறைத்து அழைப்புமணிக்குக் கொடுக்கும் சிறு பெட்டி அது. அதற்கென்று சுவிட்ச் கிடையாது, ஆண்டு முழுதும் மின்சாரத்தில்தான் இருக்கும். சுருளில் பழுது ஏற்பட்டுச் சூடாகும்போதெல்லாம் உள்ளே இருந்த வெப்பத் துண்டிப்பான் தயங்கித் தயங்கித் திறந்து, அந்தத் தயக்கத்தில் பொறி விட்டது; குளிர்ந்ததும் மீண்டும் மூடிக்கொண்டது. வீட்டு வயரிங் முழுவதும் அதற்கு ஆன்டெனா. மணி அடித்து வெகுகாலம் ஆகிறது, வருபவர்கள் கதவைத் தட்டிக்கொள்கிறார்கள் என்று முதியவர் சொன்னதை, முதல் நாளே கேட்டிருந்தால் பரணுக்கு நேராக ஏறியிருப்பேன்.

ஆறாம் படி: மருந்து

பொறி விடும் கருவிக்கு மாற்றுவதைத் தவிர வேறு மருந்து இல்லை. 120 வோல்ட் பக்கத்தைத் தொடும் வேலையை மின்பணியாளரிடமே விடுங்கள். சார்ஜர், அடாப்டர் வகைகளுக்கு ஃபெரைட் வளையம் (வயர் வழியே பரவும் இரைச்சலைத் தடுக்கும் காந்தப்பொருள் வளையம்) உதவும். 27 மெகாஹெர்ட்ஸுக்கு 31 அல்லது 43 என்ற எண்ணுள்ள கலவையை வாங்கி, கருவிக்கு அருகிலேயே வயரை வளையத்தினுள் பலமுறை சுற்றுங்கள். தடுப்பாற்றல் ஏறத்தாழ சுற்றுகளின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். ஒரு சுற்றுக்குக் கிடைப்பதைப் போல ஐந்து சுற்றுக்கு ஏறக்குறைய 25 மடங்கு. வயரை ஒருமுறை நுழைத்துவிட்டு ஃபெரைட் பயனில்லை என்று சொல்பவர்களே அதிகம்.

புதிய டிரான்ஸ்ஃபார்மர் பொருத்திய அன்று மாலை மீட்டர் எஸ் 7இலிருந்து எஸ் 2க்கு இறங்கியது. 19இல் லாரிகள் மீண்டும் பேசின. அந்த அமைதிக்கு அடியில், அதுவரை மூடுண்டு கிடந்த மெல்லிய ஊளை ஒன்று சம இடைவெளியில் மேடுமேடாகக் கேட்டது. நாட்குறிப்பில் புதுப் பக்கம் திருப்பினேன். இம்முறை மூன்றாம் படியிலேயே, என் மகளின் மேசைவிளக்கில் முடிந்துவிட்டது.